டைமென்ஷன் டேபிள் கட்டப்போகும் தங்கைக்கு அக்காவின் 12 டிப்ஸ்

தங்கச்சி, அனலிடிக்ஸ் டீமில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இந்த வேலை உன் மேஜைக்கு வரும்: "ஈ.ஆர்.பி-யில் கஸ்டமர் மாஸ்டர், புராடக்ட் மாஸ்டர் எல்லாம் தயாராக இருக்கிறது. அதை அப்படியே வேர்ஹவுஸில் இறக்கிவிடு, ரிப்போர்ட் போட்டுக்கொள்ளலாம்." சொல்வதற்குச் சுலபம், அப்படியே இறக்குவதும் சுலபம். கஷ்டம் பிறகுதான் வரும். "போன வருஷம் போர்டு மீட்டிங்கில் காட்டிய நம்பர் இப்போது ஏன் வேறு மாதிரி வருகிறது?" என்று ஃபைனான்ஸ்காரர் கேட்பார். உன்னிடம் பதில் இருக்காது.

ஈ.ஆர்.பி-யின் மாஸ்டருக்கு இன்றைய நிலை தெரிந்தால் போதும். அடுத்த பில்லைச் சரியாகப் போட வைப்பதுதான் அதன் வேலை. அனலிடிக்ஸுக்கு வரும் கேள்விகளோ பெரும்பாலும் நடந்து முடிந்ததைப் பற்றியவை. அதனால் ஒவ்வொரு ஃபீல்டைத் தொடும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்: எந்த நாளின் உண்மை வேண்டும்? பில் போட்ட நாளினுடையதா, இன்றையதா? நான் சொல்லப்போவது எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வருவதுதான்.

உதாரணத்துக்கு, தமிழ்நாடு முழுக்க மளிகைக் கடைகளுக்கு ஹேர் ஆயில், சோப்பு, நெய் சப்ளை செய்யும் ஒரு கம்பெனியை வைத்துக்கொள்வோம். ஸ்டாக்கிஸ்ட், சேல்ஸ்மேன், பீட், அவுட்லெட் என்று எல்லாத் தலைவலியும் அதில் உண்டு.

1. ஒரு ரோ என்றால் என்ன? முதலில் அதை ஒரே வரியில் எழுது

கஸ்டமர் டைமென்ஷனில், அதாவது கஸ்டமர் விவரங்களை வைக்கும் டேபிளில், ஒரு ரோ எதைக் குறிக்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டுப் பார். சேல்ஸ்மேனுக்கு அது தெருமுனைக் கடை. அக்கவுண்ட்ஸுக்கு அது லெட்ஜரில் இருக்கும் பார்ட்டி. வரிப் பிரிவுக்கு அது ஜி.எஸ்.டி பதிவு. மூவருமே சரிதான். ஆனால் மூன்றையும் ஒரே டேபிளில் கலந்தால் கடைகளின் எண்ணிக்கைகூடச் சரியாக வராது.

ஜி.எஸ்.டி எண்ணையே பார். 15 எழுத்து. முதல் 2 மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, கேரளத்துக்கு 32. அடுத்த 10 எழுத்து பான் எண். சென்னையிலும் பெங்களூரிலும் கிளை வைத்திருக்கும் ஒரே முதலாளிக்குப் பான் ஒன்று, ஜி.எஸ்.டி எண் இரண்டு, கடைகள் பத்துகூட இருக்கலாம். எனவே ரோவை மிகக் கீழ்மட்டமான கடைக்குக் கொடு. ஜி.எஸ்.டி எண்ணும் பான் எண்ணும் அதே ரோவில் ஃபீல்டுகளாக இருக்கட்டும். கடை எத்தனை, முதலாளி எத்தனை என்ற இரண்டு கேள்விக்கும் அப்போது பதில் கிடைக்கும். டேபிளின் விளக்கத்தில், "ஒரு ரோ என்பது ஒரு கடையின் ஒரு காலகட்டத்து நிலை" என்று எழுதிவை. நாளை அந்த டேபிளைத் திறப்பவர் உன்னைத் தேடி வர வேண்டியிருக்காது.

2. ஈ.ஆர்.பி கொடுத்த கோடையே சாவியாக வைக்காதே

சோர்ஸ் கொடுக்கும் கஸ்டமர் கோடு மாறும், மறுபடியும் பயன்படும், ஈ.ஆர்.பி மாற்றினால் மொத்தமாகவே போய்விடும். அப்பா பெயரில் புரொப்ரைட்டர்ஷிப்பாக இருந்த கடை, மகன்கள் காலத்தில் பார்ட்னர்ஷிப்பாக மாறுகிறது. பான் மாறும், அதனால் ஜி.எஸ்.டி எண் மாறும், பெரும்பாலும் ஈ.ஆர்.பி-யில் புதுக் கோடும் போடுவார்கள். கடை என்னவோ அதே தெருவில், அதே ஷட்டரோடு நிற்கிறது. வியாபாரத்தைப் பொறுத்தவரை அது பழைய கஸ்டமர்தான். டேபிளோ, ஒருவரை இழந்து ஒருவரைப் புதிதாகப் பிடித்ததாகக் கணக்குச் சொல்லும்.

ஆகவே மூன்று சாவி வைத்துக்கொள். முதலாவது, சோர்ஸ் கோடு. அதை வந்தபடியே வை. இரண்டாவது, கடைக்கு நீ கொடுக்கும் நிலையான எண். கோடு மாறினாலும் இது மாறாது. மூன்றாவது, ஒவ்வொரு ரோவுக்கும் உரிய சரகேட் கீ. ஃபேக்ட் டேபிள், அதாவது பில் வரிகள் போன்ற நடந்த விவரங்கள் சேரும் டேபிள், இதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

சரகேட் கீயை 1, 2, 3 என்று ஓடும் எண்ணாகக் கொடுப்பதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. டேபிளை முழுதாகத் திரும்பக் கட்டினால் எண்கள் இடம் மாறும். பழைய ஃபேக்ட் வேறு கடையைச் சுட்டும். நிலையான எண்ணையும் ரோவின் தொடக்க நாளையும் சேர்த்து ஹாஷ் எடுத்தால், அந்த இரண்டும் மாறாதவரை எத்தனை தடவை கட்டினாலும் அதே சாவி வரும்.

3. டேபிளுக்கு ஒரு விதி என்று வைக்காதே. ஃபீல்டுக்கு ஒரு விதி

மெதுவாக மாறும் டைமென்ஷன்களுக்கு டைப் 1, டைப் 2, டைப் 3 என்ற பெயர்களைப் பரவலாக்கியவர் ரால்ஃப் கிம்பால். 'தி டேட்டா வேர்ஹவுஸ் டூல்கிட்' என்ற அவருடைய புத்தகம் 1996-ல் வந்தது. மார்கி ராஸோடு சேர்ந்து 2013-ல் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பில் பட்டியல் டைப் 0 முதல் 7 வரை நீள்கிறது. எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். தினசரி வேலைக்கு மூன்று போதும்: ஒருபோதும் மாற்றாதது டைப் 0, மேலே எழுதி அழிப்பது டைப் 1, பழைய ரோவை மூடிவிட்டுப் புது ரோ திறப்பது டைப் 2.

கடைப் பெயரில் எழுத்துப்பிழை திருத்தினால் டைப் 1. பிழைக்கு வரலாறு தேவையில்லை. கடை எந்த சேல்ஸ்மேனின் பீட்டில், அதாவது அவர் சுற்றும் ரூட்டில், இருக்கிறது என்பது டைப் 2. பீட் மாறினதும் போன காலாண்டு விற்பனையெல்லாம் புது சேல்ஸ்மேன் கணக்கில் ஏறினால் இன்சென்டிவ் சண்டை உன் மேஜைக்குத்தான் வரும். கடை முதன்முதலில் சேர்ந்த தேதி டைப் 0.

"எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லா ஃபீல்டுக்கும் டைப் 2 போடுவாய். அதை மட்டும் செய்யாதே. பாக்கித் தொகை, கடைசியாக ஆர்டர் போட்ட தேதி மாதிரியானவை தினம் மாறும். அவற்றுக்கு ரோ திறந்தால் சில மாதங்களில் கடைகளைவிட நூறு மடங்கு ரோக்கள் நிற்கும். பாக்கித் தொகை டைமென்ஷனே இல்லை. தினசரி ஸ்னாப்ஷாட்டாக ஒரு ஃபேக்ட் டேபிளில் வைக்க வேண்டியது.

4. ஒரே விஷயத்துக்கு மூன்று உண்மை இருந்தால் மூன்று ஃபீல்டு வை

தமிழ்நாட்டு மாவட்டங்களைவிட இதற்கு நல்ல உதாரணம் கிடையாது. 2011 சென்சஸின்போது 32 மாவட்டங்கள். 2019 நவம்பரில் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து சேர்ந்தன. 2020 டிசம்பர் 28-ல் மயிலாடுதுறை 38-வது மாவட்டமாக வந்தது.

தாம்பரத்தில் ஒரு கடை. 2019 நவம்பர் 28 வரை காஞ்சிபுரம் மாவட்டம். 29-ம் தேதி முதல் செங்கல்பட்டு. கடை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. டைப் 2 மட்டும் வைத்திருந்தால், 2020 ரிப்போர்ட்டில் காஞ்சிபுரம் விற்பனை அதலபாதாளத்தில் விழும், செங்கல்பட்டு சூனியத்திலிருந்து பாயும். டைப் 1 மட்டும் வைத்திருந்தால், 2018-ல் அச்சடித்து விநியோகித்த மாவட்ட ரிப்போர்ட்டோடு எதுவும் ஒத்துப்போகாது. தலைக்கு எவ்வளவு சோப்பு விற்கிறது என்று 2011 மக்கள்தொகையால் வகுக்கப் போனாலோ, இரண்டுமே உதவாது.

தீர்வு எளிது. "அன்றைய மாவட்டம்" டைப் 2. "இன்றைய மாவட்டம்" டைப் 1. அந்தக் கடையின் பழைய ரோக்களிலும் சேர்த்து மாற்று. "சென்சஸ் 2011 மாவட்டம்" டைப் 0. மூன்றும் ஒரே ரோவில் இருக்கட்டும். கேள்வி கேட்பவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்.

இரண்டு எச்சரிக்கை. காஞ்சிபுரம் என்று இருந்த ரோக்களையெல்லாம் செங்கல்பட்டு என்று மாற்றிவிட முடியாது. தாம்பரம் போனது, ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. வட்டம் அளவிலாவது இறங்கிப் பார்க்க வேண்டும். பின்கோடை வைத்தும் மாவட்டத்தை ஊகிக்காதே. தாம்பரத்தின் பின்கோடு 600045. 600-ல் தொடங்குவதால் அது சென்னை மாவட்டம் ஆகிவிடாது. பின்கோடு தபால்காரருக்காகப் போட்ட பிரிவு, கலெக்டருக்காகப் போட்டது இல்லை.

5. முடிவு நாளை உள்ளே சேர்க்காதே

டைப் 2 ரோவுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு ஃபீல்டு. பழைய ரோவின் முடிவு நாளும் புது ரோவின் தொடக்க நாளும் ஒரே தேதியாக இருக்கட்டும்: 29-11-2019. ஜாயின் போடும்போது, தொடக்க நாள் பில் தேதிக்குச் சமம் அல்லது முந்தையது, பில் தேதி முடிவு நாளுக்கு முந்தையது என்று நிபந்தனை வை. "பிட்வீன்" போட்டால் 29-ம் தேதி பில்கள் இரண்டு ரோவிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நாள் விற்பனை இரட்டிப்பாகும். அதைத் தவிர்க்க முடிவு நாளை 28 என்று போட்டால், பில்லில் நேரமும் சேர்ந்திருக்கும்போது 28-ம் தேதி மதியம் போட்ட பில் நள்ளிரவு எல்லையைத் தாண்டிவிட்டதாகக் கருதப்பட்டுக் காணாமல் போகும்.

நடப்பு ரோவின் முடிவு நாளை வெறுமையாக விடாமல் 31-12-9999 என்று போடு, நிபந்தனை எளிதாகும். ஒவ்வொரு கடையின் முதல் ரோவுக்கும் தொடக்க நாளாக டேபிளை லோடு செய்த தேதியைப் போடாதே. போட்டால் அதற்கு முந்தைய பில்களுக்கெல்லாம் கடையே கிடைக்காது. 01-01-1900 என்று போட்டுவிடு.

நேர வித்தியாசத்தையும் கவனி. சர்வர் யூ.டி.சி-யில் ஓடினால், நம் நேரம் அதைவிட 5:30 மணி முன்னால். விடியற்காலை 4 மணிக்குப் போட்ட பில், சர்வரில் முந்தைய நாள் இரவு 10:30 என்று பதிவாகும். தேதியை எடுக்கும் முன் இந்திய நேரத்துக்கு மாற்று; மாற்றுவது ஒரே இடத்தில் நடக்கட்டும்.

6. அன்று வாங்கிய விலையும் வரியும் ஃபேக்டில் இருக்கட்டும்

2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயில், குளியல் சோப்புக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நெய்க்கு 12-லிருந்து 5. வரி விகிதத்தைப் புராடக்ட் டைமென்ஷனில் மட்டும் வைத்து, அதையும் டைப் 1 ஆக வைத்திருந்தால், ஆகஸ்ட் பில்லுக்கெல்லாம் 5 சதவீத வரி கணக்கிடும் ரிப்போர்ட் தயார். பில் வரியில் உண்மையில் போட்ட விலை, தள்ளுபடி, வரி விகிதம் மூன்றும் ஃபேக்டின் சொத்து. டைமென்ஷனில் அட்டவணை விகிதத்தை டைப் 2 ஆக வைத்துக்கொள்ளலாம். அது பில்லைச் சரிபார்க்க உதவும்.

நிகர எடையும் டைப் 2 தான். 100 கிராம் சோப்பு பெயரும் விலையும் மாறாமல் 90 கிராமாக இளைத்துப்போவது நமக்குத் தெரிந்த வித்தைதானே! எடையை மேலெழுதி அழித்தால், பழைய ஆண்டுகளில் விற்ற டன் கணக்கும் தானாகக் குறைந்துவிடும்.

வகைப்பாட்டையும் ஒரே ஃபீல்டில் அடைக்காதே. சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் தீர்ப்பு வந்தது. ஹேர் ஆயில் என்று லேபிள் ஒட்டாத சின்ன பேக்கைச் சமையல் எண்ணெயாகவே வகைப்படுத்தலாம் என்றது நீதிமன்றம். உன் மார்க்கெட்டிங் டீம் அதே பாட்டிலைக் கூந்தல் பராமரிப்பு வகையில் வைத்திருக்கலாம். "வரி வகை" ஒரு ஃபீல்டு, "விற்பனை வகை" இன்னொன்று.

7. தேதி டைமென்ஷனைக் கஞ்சத்தனம் இல்லாமல் கட்டு

20 வருஷத்துக்குக்கூட 7,305 ரோதான். எவ்வளவு ஃபீல்டு சேர்த்தாலும் இடம் பிடிக்காது. நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குவது, காலாண்டு, வாரம், விடுமுறை எல்லாம் எல்லோருக்கும் தெரியும். நம் ஊர் வியாபாரத்துக்கு அவை போதாது. ஆடி, தை என்று தமிழ் மாதம் சேர். ஆடித் தள்ளுபடியை ஜூலை, ஆகஸ்ட் என்று இரண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பதில் பயனில்லை.

முக்கியமாகத் தீபாவளி. 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. 2023 அக்டோபரையும் 2024 அக்டோபரையும் ஒப்பிட்டு நெய் விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது என்று ஸ்லைடு போடுபவர் பண்டிகையின் நகர்வைத்தான் வளர்ச்சி என்று காட்டுகிறார். "தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு" என்று ஓர் எண் ஃபீல்டு சேர்த்துவிடு. 2024-ன் மைனஸ் 15-ம் நாளை 2023-ன் மைனஸ் 15-ம் நாளோடு ஒப்பிடலாம். பொங்கலுக்கு இது தேவையில்லை, ஜனவரி நடுவிலேயே நிற்கும். ரம்ஜானுக்குக் கட்டாயம் தேவை.

ஆர்டர் தேதி, பில் தேதி, டெலிவரி தேதி என்று மூன்று இருந்தால் மூன்று தேதி டேபிள் கட்டாதே. ஒரே டேபிளுக்கு மூன்று வியூ போதும்.

8. தெரியாததற்கும் ஒரு ரோ கொடு

கஸ்டமர் கோடு இல்லாமல் பில் வரும். மாஸ்டரில் இல்லாத கோடோடும் வரும். இன்னர் ஜாயின் போட்டால் அந்த விற்பனை சத்தமில்லாமல் மறைந்துவிடும். மாவட்ட வாரி மொத்தம் ஒன்று, கம்பெனி மொத்தம் இன்னொன்று என்று நிற்கும். ஒவ்வொரு டைமென்ஷனிலும் முன்கூட்டியே இரண்டு ரோ போட்டுவை: சாவி -1, "தெரியவில்லை", சாவி -2, "பொருந்தாது". பில்லில் கஸ்டமர் விட்டுப்போனால் -1. ஸ்டாஃப் கவுண்டரில் நேரடியாக விற்றதற்குச் சேல்ஸ்மேனே கிடையாது என்றால் -2. இரண்டும் வேறு வேறு பிரச்சினை. ஒன்றைத் துரத்திப் பிடிக்க வேண்டும், இன்னொன்றை அப்படியே விடலாம்.

மாஸ்டரில் இன்னும் வராத புதுக் கடைக்குப் பில் முந்திக்கொண்டால், அந்தக் கோடுக்கு ஒரு தற்காலிக ரோ திறந்துவை. மற்ற ஃபீல்டுகளில் "தெரியவில்லை" என்று இருக்கட்டும். மாஸ்டர் வந்ததும் அதே ரோவை நிரப்பு. ஃபேக்டைத் தொட வேண்டியதில்லை.

9. எண் மாதிரி இருப்பதெல்லாம் எண் இல்லை

நெய், வெண்ணெய்க்கான ஹெச்.எஸ்.என் தலைப்பு 0405. அதை எண் ஃபீல்டில் வைத்தால் 405 ஆகிவிடும். வரி அட்டவணையோடு சேராது. பின்கோடு, போன் நம்பர், பார்கோடு, மாநிலக் குறியீடு எல்லாவற்றையும் டெக்ஸ்டாக வை. சோதனை ஒன்றுதான்: இதை வைத்துக் கணக்குப் போட்டால் அர்த்தம் வருமா? வராது என்றால் அது டெக்ஸ்ட்.

தமிழில் பெயர் வைத்திருந்தால் இன்னொரு வலை இருக்கிறது. "கொ" என்பதில் வரும் துணையெழுத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னும் பின்னும் வரும் இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்; டேட்டாபேஸுக்கோ வேறு வேறு. "கொளத்தூர்" ரிப்போர்ட்டில் இரண்டு தடவை வந்தால் இதை முதலில் சந்தேகப்படு. லோடு செய்யும்போதே, பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்.எஃப்.சி முறைக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீரும். ஆனால் "ஔ"வுக்குப் பதில் "ஒ"வும் "ள"வும் சேர்த்து டைப் அடித்ததை என்.எஃப்.சி சரிசெய்யாது. அதற்குத் தனித் திருத்தப் பட்டியல் வேண்டும்.

10. டூப்ளிகேட்டை ஒன்றாக்குவதில் அவசரப்படாதே

"எஸ். முருகன்", "முருகன் எஸ்", "முருகன் ஸ்டோர்ஸ்", "ஸ்ரீ முருகன் ஸ்டோர்": நாலும் ஒரே கடையாகவும் இருக்கலாம், நாலு கடையாகவும் இருக்கலாம். நம் ஊரில் இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். முருகன் ஸ்டோர்ஸ் ஊருக்கு நாலு இருக்கும். பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதே. பூஜ்யம், 91, இடைவெளி எல்லாம் நீக்கிய 10 இலக்க மொபைல் எண், ஜி.எஸ்.டி எண், பின்கோடு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தட்டும்.

சந்தேகம் இருந்தால் தனித்தனியாகவே விடு. இரண்டாக இருக்கும் ஒரே கடையைப் பிறகு சேர்ப்பது சுலபம். தவறாகச் சேர்த்த இரண்டு கடையைப் பிரிப்பது நரக வேலை. சேர்த்தாலும் ரோவை அழிக்காதே. சோர்ஸ் கோடு எது, எந்த நிலையான எண்ணுக்குப் போனது, எந்தத் தேதியில், எந்த விதிப்படி என்று ஒரு தனி மேப்பிங் டேபிள் வை. பிரிக்க வேண்டி வந்தால் அந்த மேப்பிங்கைத் திருத்தினால் போதும்.

11. படிநிலையைத் தட்டையாக்கு, பலருக்குப் பலர் என்றால் பாலம் போடு

எஸ்.கே.யூ, பிராண்டு, வகை, பிரிவு என்ற படிநிலைக்கு நாலு டேபிள் கட்டி நாலு ஜாயின் போடுவது பில் போடும் சிஸ்டத்தின் பழக்கம். அனலிடிக்ஸில் நாலையும் ஒரே புராடக்ட் ரோவில் எழுது. "ஒரே பிராண்டு பெயரை ஆயிரம் தடவை எழுதினால் இடம் வீணாகாதா?" என்று கேட்பாய். காலம்னார் ஸ்டோரேஜில் ஒரு ஃபீல்டின் மதிப்புகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; திரும்பத் திரும்ப வருவது நன்றாகச் சுருங்கிவிடும். இடம் பெரிய செலவே இல்லை.

ஒரு கடைக்கு இரண்டு சேல்ஸ்மேன் போகிறார்கள், ஒருவர் நெய்க்கு, மற்றவர் சோப்புக்கு என்றால் கடை டைமென்ஷனில் சேல்ஸ்மேன் ஃபீல்டு வைக்கக் கூடாது. ஆர்டர் எடுத்தது யார் என்பது பில்லுக்கே தெரியும். சேல்ஸ்மேன் சாவியை ஃபேக்டில் போடு. அந்தத் தகவல் பில்லில் இல்லாதபோதுதான் கடைக்கும் சேல்ஸ்மேனுக்கும் இடையே பிரிட்ஜ் டேபிள். அதில் பங்கு விகிதம் போட மறக்காதே. ஒரு கடைக்கு விகிதங்களின் கூட்டுத்தொகை 1 வர வேண்டும். இல்லையென்றால் ஒரே விற்பனை இரண்டு பேர் கணக்கிலும் முழுதாக ஏறும்.

12. டேட்டாபேஸ் காவல் காக்கும் என்று நம்பாதே

பிரைமரி கீ என்று அறிவித்துவிட்டால் டூப்ளிகேட் உள்ளே வராது என்பது பில் சிஸ்டத்தில் கற்ற பாடம். பிக்க்வெரி, ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான டேபிள் ஆகியவற்றில் பிரைமரி கீ வெறும் குறிப்புதான், டூப்ளிகேட்டைத் தடுக்காது. கிளிக்ஹவுஸில் ரிப்ளேசிங் மெர்ஜ் ட்ரீ என்ற டேபிள் வகை டூப்ளிகேட்டை நீக்கும். ஆனால் பின்னணியில் மெர்ஜ் நடக்கும்போதுதான் நீக்கும். அது எப்போது நடக்கும் என்பது உன் கையில் இல்லை. அதுவரை க்வெரிக்குப் பழையதும் புதியதும் சேர்ந்தே கிடைக்கலாம். "ஃபைனல்" சேர்த்துக் கேட்க வேண்டும். தேதி வரம்புக்குள் மதிப்பைத் தேட அதே கிளிக்ஹவுஸில் ரேஞ்ச் ஹாஷ்டு டிக்‌ஷனரி இருக்கிறது. டைப் 2-க்குப் பொருத்தமானது. ரெட்ஷிஃப்டில் சின்ன டைமென்ஷனை எல்லா நோடுக்கும் பிரதி எடுத்து வைத்தால் ஜாயின் வேகமாகும்.

எந்த எஞ்சின் ஆனாலும் ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் இந்த ஐந்தைத் தானாக ஓடவிடு:

- சரகேட் கீ எதுவும் இரண்டு தடவை வரக் கூடாது.
- ஒவ்வொரு கடைக்கும் நடப்பு ரோ சரியாக ஒன்று.
- ஒரே கடையின் காலகட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. நடுவில் இடைவெளியும் கூடாது.
- ஃபேக்டின் மொத்த விற்பனை, டைமென்ஷனோடு ஜாயின் செய்த பிறகும் பைசா மாறக் கூடாது.
- -1 சாவியில் விழும் விற்பனையின் பங்கு நேற்றைவிடத் திடீரென ஏறினால் உனக்கு மெயில் வர வேண்டும்.

நாலாவது சோதனை தோற்றால் லோடை அங்கேயே நிறுத்து. தப்பான நம்பரோடு வரும் டாஷ்போர்டைவிட, தாமதமாக வரும் டாஷ்போர்டு எவ்வளவோ மேல்.

போகும் முன் ஒரு வார்த்தை

பன்னிரண்டையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது. வரிசை சொல்கிறேன். முதலில் ரோ என்றால் என்ன என்பதும், சாவிகளும். அடுத்து தேதி டைமென்ஷன்; அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, அன்றே கட்டலாம். பிறகு ஃபீல்டு ஃபீல்டாக டைப் முடிவு. அந்த முடிவை நீ மட்டும் எடுக்காதே. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் யார் பொறுப்பு என்று சேல்ஸிலும் ஃபைனான்ஸிலும் ஓர் ஆளைக் கேட்டு, பெயரோடு எழுதி வாங்கு. விற்பனைக்கு ஒரு கஸ்டமர் டைமென்ஷன், வசூலுக்கு இன்னொன்று என்று பிரிய விடாதே; இரண்டு ஃபேக்டும் ஒரே டைமென்ஷனைப் பகிர்ந்தால்தான் விற்ற கடையிடமிருந்து பணம் வந்ததா என்று கேட்க முடியும்.

வரலாறு விஷயத்தில் மட்டும் தள்ளிப்போடாதே. தவறாகக் கட்டிய படிநிலையை அடுத்த மாதம் திருத்தலாம், விட்டுப்போன ஃபீல்டைப் பிறகு சேர்க்கலாம். நேற்று மேலெழுதி அழிந்த பழைய மதிப்பைப் பெரும்பாலும் திரும்பப் பெறவே முடியாது. மாடல் இன்னும் தயாராகவில்லை என்றாலும், இன்று இரவிலிருந்தே மாஸ்டர் டேபிள்களைத் தேதியிட்டுத் தினமும் ஒரு காப்பி எடுத்து வை. மற்றதெல்லாம் அதன்மேல் பொறுமையாகக் கட்டிக்கொள்ளலாம்.